வாத்து விழ வேண்டுமென்றால் பெட்டி டிவி வேண்டும்

சென்ற கோடை விடுமுறையில் கும்பகோணத்து வீட்டின் பரணைச் சுத்தம் செய்தபோது, என் கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்த ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. 1995-இல் என் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கிவந்த டிவி கேம் அதற்குள் இருந்தது. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியைப் பார்த்துச் செய்த நகல் அது. அந்த நாளில் இங்கே லிட்டில் மாஸ்டர், மீடியா போன்ற பெயர்களிலும், எங்களுடையதைப்போலப் பெயரே இல்லாமலும் விற்ற நகல்களே பெரும்பாலான வீடுகளுக்கு வந்தன. இரண்டு ரிமோட்டுகள் (ஜாய்ஸ்டிக் என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது), ஒரு மஞ்சள் கேசட், ஒரு கறுப்புத் துப்பாக்கி ஆகிய எல்லாமே தினமணித் தாளில் சுற்றி வைத்தபடி அப்படியே இருந்தன.

ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் மகளுக்கு, வாத்து சுடுவதில் தெருவிலேயே எனக்கு நிகர் யாருமில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வைத்திருந்தேன். அதை மெய்ப்பிக்கும் நாள் வந்துவிட்டது என்று, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த எல்.இ.டி. டிவியில் மஞ்சள், வெள்ளை வயர்களைச் செருகிக் கேசட்டைப் போட்டேன். 'டக் ஹன்ட்' திறந்தது. நாய் புல்வெளியில் மோப்பம் பிடித்து நடந்து, புதருக்குள் தாவியது, வாத்து எழுந்தது. மூன்று குண்டுகளும் வீண். அடுத்த வாத்துக்கும் மூன்றும் வீண். டிவியின் கண்ணாடியிலேயே துப்பாக்கியின் வாயை ஒட்டிவைத்து அழுத்தினேன், அப்போதும் விழவில்லை. நாய் புல்லுக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தது. "நாய் சிரிக்கிறதுல தப்பில்லப்பா" என்று மகள் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்றிரவு தொடங்கிய தேடல் முடிய மூன்று வாரங்கள் ஆயின. இதே ஆசையில் பழைய பெட்டியைத் திறப்பவர்களுக்கு அந்த மூன்று வாரங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை என்பது. சிறுவயதில் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர் பாய்வதாகத்தான் நானும் என் தம்பியும் நம்பியிருந்தோம். உண்மையில் குழாயின் நுனியில் ஒரு சிறு வில்லையும், அதற்குப் பின்னால் ஒளி பட்டால் மின்சைகை தரும் ஒரு டயோடும் மட்டுமே இருக்கின்றன. துப்பாக்கி ஒரு கண், சுடும் வேலையைச் செய்வது டிவி. விசையை அழுத்தியவுடன் விளையாட்டு ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தைக் காட்டுகிறது. கறுப்பின்போது இருளையும் வெள்ளையின்போது ஒளியையும் துப்பாக்கி கண்டால் வாத்து விழும். இரண்டு வாத்துகள் பறந்தால் முதலில் ஒன்றுக்கான கட்டம், பிறகு மற்றொன்றுக்கான கட்டம் என்று தனித்தனியாகக் காட்டுவதால், எது அடிபட்டது என்பதை ஒளி வந்த நேரத்தைக் கொண்டே அது கண்டுகொள்கிறது. நம் ஊர் டிவியில் ஒரு நொடிக்கு 50 முறை படம் வரையப்படுகிறது, ஆகவே இந்தக் கறுப்பும் வெள்ளையும் தலைக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு சின்ன வெட்டுப்போலத் திரை சிமிட்டுவதை நாம் பார்த்திருப்போம், ஆனால் அதற்குள் இவ்வளவு விசாரணை நடந்து முடிந்திருக்கும் என்று யார் நினைத்தோம்!

இது தெரிந்ததும், முப்பது ஆண்டுகளாக எனக்குள் இருந்த ஒரு புதிருக்கும் விடை கிடைத்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன், துப்பாக்கியைக் குண்டு பல்பை நோக்கிப் பிடித்துச் சுட்டால் எல்லா வாத்தும் விழும் என்று அடித்துச் சொன்னான். நாங்கள் முயன்றோம், ஒன்றுகூட விழவில்லை. அவன் தன் வீட்டில் விழுந்ததாகச் சத்தியம் செய்ததால் எங்கள் துப்பாக்கிதான் மட்டமானது என்று முடிவுகட்டிக்கொண்டோம். பல்பு, டிவி கறுப்பாகும் கணத்திலும் எரிந்துகொண்டுதானே இருக்கும்? இருள் இருக்க வேண்டிய கணத்தில் ஒளியைக் கண்டால் அந்தச் சூட்டை விளையாட்டு கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பையனின் பேச்சுக்கும் ஒரு பழைய உண்மை அடிப்படையாக இருந்திருக்கலாம். 1972-இல் அமெரிக்காவில் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற முதல் வீட்டு வீடியோ கேமுடன் தனியாக விற்ற நீளத் துப்பாக்கி, எரியும் விளக்கை நோக்கிச் சுட்டாலும் இலக்கு அடிபட்டதாகவே காட்டியது. அதற்கும் முன்னே, 1936-இல் சீபர்க் நிறுவனம் செய்த ரே-ஓ-லைட் என்னும் காசு போட்டு ஆடும் கருவியில், நாங்கள் சிறுவயதில் நம்பியபடியே துப்பாக்கிதான் ஒளியை வீசியது, கண் வாத்தில் இருந்தது. கண் வாத்திலிருந்து துப்பாக்கிக்கு இடம் மாறியதால்தான் இந்த விளையாட்டு ஒரு சாதாரண டிவியை வைத்தே வீட்டுக்குள் வர முடிந்தது.

நின்டெண்டோவின் குன்பேய் யோகோய் 1970-இலேயே சூரிய ஒளிக்கலத்தைப் பயன்படுத்தி ஒளித்துப்பாக்கிப் பொம்மைகளைச் செய்திருந்தார். 1976-இல் சுவரில் வாத்தின் நிழலுருவை ஓடவிட்டுச் சுடும் பொம்மை ஒன்று, இதே 'டக் ஹன்ட்' என்ற பெயரில் வந்தது. டிவியில் ஆடும் வடிவம் ஜப்பானில் வந்தது 1984-இல். அங்கே துப்பாக்கி, கௌபாய் படங்களில் வரும் ரிவால்வரைப் போல இருந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது விண்வெளிக் கதையில் வருவதுபோன்ற சாம்பல் நிற 'ஜாப்பர்' ஆனது. 1980-களின் இறுதியில், பொம்மைத் துப்பாக்கி உண்மையான துப்பாக்கியிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று அங்கே விதி வந்தபின் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. எங்கள் நகல், விதி எதையும் அறியாத கன்னங்கரேலென்ற துப்பாக்கி. அதை வீட்டு வாசலுக்கு வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று 1995-இல் என் அப்பா போட்ட சட்டத்தை இப்போது நான் மகளுக்குப் போட்டிருக்கிறேன்.

எல்.இ.டி. டிவியில் வாத்து ஏன் விழவில்லை என்பதை இனி எளிதாகச் சொல்லலாம். பழைய பெட்டி டிவி தன்னிடம் வரும் படத்தை வந்த கணத்திலேயே வரைந்துவிடும், சேர்த்துவைத்து யோசிக்க அதனிடம் எதுவும் இல்லை. புதிய டிவியோ வந்த படத்தை வாங்கி, பெரிதாக்கி, கூர்மையாக்கி, வண்ணம் திருத்தி, அதன்பிறகே திரைக்கு அனுப்புகிறது. நம் கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது, ஆனால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் விடை கேட்கும் விளையாட்டுக்கு அது பெரிய தாமதம். துப்பாக்கியை நோக்கி 'இப்போது இருட்டா?' என்று விளையாட்டு கேட்கும்போது டிவியில் இன்னும் நீல வானம்தான் ஓடிக்கொண்டிருக்கும். 'இப்போது வெளிச்சமா?' என்று கேட்கும்போது, அப்போதுதான் கறுப்பு வந்து சேர்ந்திருக்கும். பாவம், துப்பாக்கி இரண்டு கேள்விகளுக்கும் உண்மையைத்தான் சொல்கிறது. டிவியின் அமைப்புகளில் 'கேம் மோட்' என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டும் பார்த்தேன். தாமதம் குறைந்திருக்கலாம், வாத்து விழவில்லை. அசல் ஜாப்பர் துப்பாக்கியாக இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. பெட்டி டிவியில் மின்னணுக் கற்றை ஒரு நொடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளை இழுப்பதால் எழும் அந்த வேகமான துடிப்பை மட்டுமே ஏற்கும் வடிகட்டி அதற்குள் இருக்கிறது. நிலையாக ஒளிரும் புதிய திரையை அந்தத் துப்பாக்கி வெறும் விளக்காகவே கருதி ஒதுக்கிவிடும்.

ஆகவே பெட்டி டிவி தேட வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் இருந்ததைப் பத்தாண்டுகளுக்கு முன்பே காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம். இணையத்தில் பழம்பொருள் விற்பவர்கள் சொன்ன விலையைக் கேட்டு, அப்போது எடைக்குப் போட்டதை நினைத்து மனம் நொந்துபோனேன். பிறகுதான் எதிர்வீட்டு அத்தை நினைவுக்கு வந்தார். 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ண டிவியை அவர் கைவிட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. கைவிடவில்லை, தையல் துணி அடுக்கும் மேசையாக அது பூசையறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. "எடுத்துக்கிட்டுப் போப்பா, காயலான் கடைக்காரன் நூறு ரூவாகூடத் தரமாட்டேங்கிறான்" என்றார். மின்சாரம் கொடுத்தவுடன் 'டொய்ங்' என்ற பழைய ஒலியோடு திரை விழித்தது. நகரத்தில் இருப்பவர்கள் கடைகளில் அலைவதற்கு முன், இந்தத் திட்டத்தில் டிவி பெற்ற உறவினர் வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுப்பார்க்கலாம். வீட்டில் ஆடும் ஒளித்துப்பாக்கிக்கு 14 அங்குலமே போதும், 29 அங்குலப் பெட்டியை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டும்.

பெட்டி டிவியின் பாரம் எல்லாம் முகப்பில்தான். பின்பக்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் முன்னால் சாயும், ஆகவே கண்ணாடித் திரை நம் நெஞ்சைப் பார்க்கும்படி திருப்பித்தான் தூக்க வேண்டும். தூசி தட்டுகிறேன் என்று பின்மூடியைக் கழற்றவே கூடாது. எங்கள் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாக டிவி பழுதுபார்க்கும் அண்ணன், பிக்சர் டியூபின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் கிண்ணத்தைக் காட்டி, "இதுக்கு அடியில இருக்கறது ஏறக்குறைய இருபதாயிரம் வோல்ட்டு, பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கும்" என்றார். அவர் திறந்தபோதுகூட முதலில் தரைக்கம்பியில் இணைத்த ஸ்க்ரூ டிரைவரால் அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கையை வைத்தார். திரையின் வலது மூலையில் பச்சைத் திட்டு ஒன்று தெரிந்ததை டியூபின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். நான் அருகில் வைத்திருந்த ஒலிபெருக்கியின் காந்தம் செய்த வேலை அது. ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டு, டிவியை அணைத்து அரைமணி நேரம் ஆறவிட்டுப் போட்டோம். அந்த 'டொய்ங்' ஒலியே திரைக்குப் பின்னால் உள்ள கம்பிச்சுருள் காந்தத்தை நீக்கும் ஒலிதான், உடனுக்குடன் அணைத்துப் போட்டால் அது வேலை செய்யாது. மூன்றாவது முறை திட்டு மறைந்தது.

கேம் பெட்டியை இணைப்பதில் சொல்ல அதிகமில்லை. ஆன்டெனா வழியாகவும் இணைக்கலாம், மஞ்சள் வயர் வழியாகவும் இணைக்கலாம் என்றால் மஞ்சளே நல்லது, புள்ளிகள் இல்லாத கறுப்பு கிடைக்கும். பழைய எலிமினேட்டரின் வயர் உதிர்ந்திருந்தால் புதியது வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. பின்னின் உள்முனை பாசிட்டிவா நெகட்டிவா என்று பெட்டியின் அடியில் போட்டிருக்கும் குறியோடு ஒப்பிட வேண்டும், நகல்களில் இது ஒன்றுபோல் இருப்பதில்லை. கேசட்டை வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம், அந்த எச்சில் ஈரத்தில்தான் பின்கள் கறுத்தன. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

இணைத்து முடித்ததும் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா இது, ஙீ-ன்னு கத்துது?" என்றாள். எனக்கு எதுவுமே கேட்கவில்லை. டிவியின் ஒலியை முழுவதும் குறைத்த பிறகும் அவளுக்குக் கேட்டது. நம் ஊர் முறையில் பெட்டி டிவி ஒரு நொடிக்கு 15,625 வரிகள் வரைகிறது. உள்ளே இருக்கும் மின்மாற்றி அதே வேகத்தில் அதிர்வதால் எழும் மெல்லிய கீச்சொலி அது. வயது ஏற ஏற அவ்வளவு கூர்மையான ஒலியை நம் காது இழந்துவிடுகிறது. சிறுவயதில் அடுத்த அறையிலிருந்தே டிவி ஓடுகிறதா என்று எனக்கும் தெரிந்தது நினைவுக்கு வந்தது. அது இப்போது எனக்கு வெறும் நினைவுதான்.

எல்லாம் சரியாகி, முதல் வாத்து எழுந்தது. சுட்டேன், விழவில்லை. திரை கறுத்து வெளுப்பது கண்ணுக்குத் தெரிந்தது, விசையும் 'டக்' என்று வேலை செய்தது, ஆனால் நாய் சிரித்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், அருகே போனேன், தள்ளி நின்றேன். இரண்டு நாட்கள் இப்படியே போயின. கடைசியில் அந்த டிவி அண்ணன்தான் துப்பாக்கியை வாங்கிக் குழாய்க்குள் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். குழாயின் நடுவே களிமண் அடைத்திருந்தது. பரணில் கிடந்த காலத்தில் ஒரு குளவி அதைத் தன் வீடாக்கிக்கொண்டிருக்கிறது. ஆறு திருகாணிகளைக் கழற்றித் துப்பாக்கியை இரண்டாகப் பிரித்தபோது, விரல் நகம் அளவு அறைகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, வில்லையின் மேல்வரை நேர்த்தியாகப் பூசியிருந்தன. ஒன்றுக்குள் உலர்ந்துபோன சிலந்தியின் கால்கள். குழவிகளுக்காகக் குளவி சேர்த்துவைத்த உணவு அது. தாள் சுற்றியிருந்தும் குழாயின் வாயை மட்டும் மூடாமல் விட்டது பத்து வயதில் நான் செய்த பிழை. மண்ணைப் பல்குத்தும் குச்சியால் பெயர்த்து, வில்லையைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, விசையின் செம்புத் தகடுகளில் ஸ்பிரிட் தடவி மீண்டும் மூடினோம். விசைச் சுருள்வில் மட்டும் இரண்டு முறை துள்ளி ஓடிக் கடையின் மூலைக்குள் ஒளிந்தது. பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். அன்று மாலை வாத்து விழுந்தது. நாய் அதைத் தூக்கிக் காட்டியபோது நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அத்தை வெளியே வந்துவிட்டார்.

துப்பாக்கி ஒரு கண் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு செய்ய வேண்டியவை தாமாகவே விளங்கும். டிவியின் 'பிரைட்னஸ்' மிகவும் குறைந்திருந்தால் வெள்ளைக் கட்டம் மங்கித் துப்பாக்கிக்குத் தெரியாது. மிகவும் கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, ஏமாற்றுவதாக விளையாட்டு எண்ணிவிடும். கறுப்பு கறுப்பாகவே நிற்கும்வரை பிரைட்னஸை இறக்கிவிட்டு, 'கான்ட்ராஸ்ட்'டை ஏறக்குறைய முழுவதும் கூட்டிவைப்பது எங்கள் டிவிக்குப் பொருந்தியது. அறையில் டியூப்லைட் எரிவது தவறில்லை, ஆனால் அதன் பிம்பம் திரைக் கண்ணாடியில் விழும் இடத்தில் வாத்து பறந்தால் குறி தவறும். எங்கள் கூடத்தில் மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழும், அந்த ஒரு மணி நேரத்தில் என் மகளின் கணக்குப்படி மூன்றில் ஒரு சூடு வீணாகிறது. ஜன்னலில் அம்மாவின் பழைய கைத்தறிப் புடவையைக் கட்டியபின் அது நின்றது.

தூரத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு யோசனைகள் உண்டு. சிறுவயதில் நாங்கள் திரையில் ஒட்டிவைத்துச் சுட்டோம். அது விளையாட்டையே கொன்றுவிடும், வயர் நீளம் அனுமதிக்கும்வரை தள்ளி நில் என்பவர்களும் உண்டு. மிகத் தள்ளிப்போனால் துப்பாக்கியின் பார்வைக்குள் கட்டத்தோடு சுற்றியுள்ள இருளும் நிறையச் சேர்வதால் ஒளி போதாமல் போகிறது. 14 அங்குலத் திரைக்கு நான்கிலிருந்து ஐந்தடி எங்களுக்குச் சரியாக அமைந்தது. பாயில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, டிவியைக் கண் மட்டத்துக்கு முக்காலியில் ஏற்றி வைத்துக்கொண்டால் கை நடுங்காது. நகல் துப்பாக்கியின் மேலே உள்ள குறிமுனையை அப்படியே நம்பக்கூடாது. வில்லை பொருத்தப்பட்ட கோணமும் அதுவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. எங்களுடையது சற்றுக் கீழே பார்க்கிறது, அதனால் வாத்தின் முதுகுக்கு மேல் குறிவைத்தால் வயிற்றில் படுகிறது. இதைக் கண்டறிய, தரையிலிருந்து எழும் வாத்தை உடனே சுடாமல் மெதுவாகப் பறக்கும் முதல் ரவுண்டில் வேண்டுமென்றே மேலே, கீழே, இடம், வலம் என்று மாற்றிச் சுட்டு, எதில் விழுகிறது என்று பார்த்தோம். பத்து நிமிட வேலை.

குறிவைப்பதில் நான் பழகியிருந்த ஒரு வழக்கத்தை விட வேண்டியிருந்தது. பறப்பதைச் சுடும்போது அதன் பாதையில் சற்று முன்னே குறிவைக்க வேண்டும் என்பது திருவிழாவில் பலூன் சுட்டவர்களுக்குக்கூடத் தெரிந்த பாடம். இங்கே குண்டு என்று ஒன்று பயணம் செய்வதே இல்லை. விசையை அழுத்தியதும் வாத்து அப்போது இருக்கும் இடத்திலேயே வெள்ளைக் கட்டம் வருகிறது, ஆகவே வாத்தின் மேலேயே குறிவைக்க வேண்டும். இதை என் மகள் முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டாள், எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒரு வாத்துக்கு மூன்று குண்டுகள்தான், ஆனால் முதல் குண்டை அவசரத்தில் செலவழித்தவர் மற்ற இரண்டையும் பதற்றத்தில் செலவழிப்பார். வாத்து திரையின் விளிம்பில் மோதித் திரும்பும் கணத்தில் அதன் போக்கு ஒரு நொடிக்குள் நமக்குப் புரிந்துவிடுகிறது, அந்தத் திருப்பத்துக்குக் காத்திருப்பவருக்கு ஒரு குண்டே போதும். முதல் பத்து ரவுண்டுகளில், ரவுண்டுக்கு வரும் பத்து வாத்துகளில் ஆறு விழுந்தால் அடுத்த ரவுண்டு கிடைக்கும். பதினொன்றில் ஏழு, பதின்மூன்றில் எட்டு, பதினைந்தில் ஒன்பது என்று ஏறி, இருபதாவது ரவுண்டிலிருந்து பத்தும் விழ வேண்டும். தப்பிய வாத்து பறக்கும்போது வானம் இளஞ்சிவப்பாக மாறுவது எவ்வளவு அழகு என்பதை, அடிக்கடி தப்பவிடும் நான்தான் சொல்ல முடியும்.

வாத்தை ஒருவர் சுட, மற்றவர் ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி வாத்தைப் பறக்கவைக்கலாம் என்பது, ஒரே ஒரு வாத்து வரும் முதல் ஆட்டத்தில் இருக்கும் வசதி. பர்மா பஜார் பெட்டியில் வழிகாட்டிப் புத்தகம் எதுவும் வராததால் நாங்கள் ஐந்து வருடம் ஆடியும் இதை அறியவில்லை. என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து 'என் முறை எப்போது' என்று அழுத மாலைகளை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. போன மாதம் அவன் ஊருக்கு வந்தபோது ரிமோட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். நான் ஆறு ஆட்டம் தோற்றேன். வாத்தை அவன் ஓட்டிய விதத்தில் முப்பதாண்டுக் கணக்கு இருந்தது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 படம் காட்டும், இந்த விளையாட்டும் அந்த வேகத்துக்கே எழுதப்பட்டது. 50 படம் காட்டும் நம் நகல் பெட்டிகளில் அங்கே ஒரு நிமிடத்தில் நடப்பது இங்கே ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் நடக்கிறது, வாத்தும் அவ்வளவு மெதுவாகவே பறக்கிறது. வெளிநாட்டு வீரர்களின் ரவுண்டு எண்ணிக்கையோடு நம்முடையதை ஒப்பிட்டுப் பெருமைப்படுவதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி டிவிக்கு வீட்டில் இடமில்லாதவர்களுக்கு வேறு வழிகளும் வந்துவிட்டன. சிண்டன் என்னும் துப்பாக்கியில் ஒரு சிறிய கேமரா இருக்கிறது. திரையைச் சுற்றிக் காட்டப்படும் வெள்ளைச் சட்டத்தைப் பார்த்து, தான் எங்கே குறிவைக்கிறோம் என்று அது கணக்கிடுகிறது. டிவியின் விளிம்புகளில் அகச்சிவப்பு விளக்குகளை ஒட்டி வைத்து அவற்றைப் பார்க்கும் துப்பாக்கிகளும் உண்டு. இரண்டுமே கணினியில் ஆடுபவர்களுக்கு ஏற்றவை, எந்தப் புதிய டிவியிலும் வேலை செய்யும். ஒரு நண்பர் வீட்டில் கேமரா வகையை ஆடிப் பார்த்தேன். குறி துல்லியம், ஆனால் விசையை அழுத்தும்போது திரை சிமிட்டாதது எனக்கு உப்பில்லாத சாப்பாடாக இருந்தது. பழைய துப்பாக்கியையே தனியாக வாங்க விரும்பினால் விலை பேசுவதற்கு முன் பின்னைப் பாருங்கள். அசல் அமெரிக்கக் கருவிக்கு ஏழு முனை, ஜப்பானியதற்குப் பதினைந்து, நகல்கள் பலவற்றுக்கு ஒன்பது. ஒன்பது முனைக்குள்ளேயே எந்த முனையில் எந்தச் சைகை என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். நான் இணையத்தில் வாங்கிய இரண்டாவது துப்பாக்கி செருகிய இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது, சுடவில்லை. அது இப்போது கொலுவில் காவல்காரர் பொம்மைக்குப் பின்னால் நிற்கிறது.

ஒவ்வொரு சூட்டுக்கும் திரை மின்னுவதால், வலிப்பு நோய் உள்ள குழந்தைகளை மருத்துவரிடம் கேட்காமல் இதன் முன் உட்காரவைக்க வேண்டாம். நாங்களும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து விளக்கைப் போட்டுக் கண்ணுக்கு ஓய்வு தருகிறோம். ஆடி முடித்ததும் துப்பாக்கியின் வாயில் ஒரு பஞ்சு உருண்டையை அடைத்து வைக்கிறோம். குளவிகள் இன்னும் எங்கள் ஜன்னலைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

கேசட்டில் புள்ளிகள் சேமிக்கப்படுவதில்லை, பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடும். அதனால் டிவியின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதி வருகிறோம். மகளின் வரிசையில் இப்போது 14 நிற்கிறது, என் வரிசையில் 11. இந்த வித்தியாசத்தைக் குறைக்க, சென்ற சனிக்கிழமை அவள் தூங்கியபின் கூடத்துக் கதவைச் சாத்தி, டிவியின் ஒலியைச் சுத்தமாக அணைத்து, துப்பாக்கியின் விசை சத்தம்கூடக் கேட்காதபடி கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் பழகினேன். காலையில் பல் துலக்கியபடியே வந்து, "ராத்திரி எத்தனை ரவுண்டு போனீங்க?" என்று கேட்டாள். ஒரு சத்தமும் வரவில்லையே என்றேன். "ஙீ-ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சேப்பா" என்றாள்.